பதினைந்தாம் பிரிவு

வாசலில் வந்து நின்ற பெண்மணி செருப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி, தன்னை யாரும் கூப்பிடாத இடத்துக்கு வந்துவிட்டவள் போல நின்றாள். செய்தித்தாளை மடக்கிவிட்டு நிமிர்ந்த தேவபிரசாதத்துக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

"கிருபாபாய் இல்லியா? உள்ள வாம்மா. திரேஸ்புரத்துல டியூஷன் எடுக்காவல்லா, நேசக்குமார் சார், அவிய வீட்டம்மா," என்று எதிர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

எதிர் நாற்காலியில் இருந்த சக்ரபாணி, "உக்காருங்கோ," என்றார். அவ்வளவுதான். அவர் தென்திருப்பேரைக்காரர். முப்பத்தொரு வருடம் டெல்லியில், நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாக்களை அச்சுக்கு முன்னும் பின்னும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்று மில்லர்புரத்தில் குடியேறிய பின், காகிதங்களால் தொல்லைக்குள்ளான மனிதர்கள் எப்படியோ அவரைத் தேடி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரான தேவபிரசாதம், சாத்தான்குளத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், காலைக் காப்பிக்கு வந்து மத்தியானம்வரை இருப்பார். சக்ரபாணியிடம் அவருக்குப் பிடிக்காதது ஒன்றுதான். பேச வேண்டிய நேரத்தில் அந்த மனிதர் பேசமாட்டார்.

கிருபாபாய் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவிய சாமான கட்டுதாவ ஐயா. சனிக்கிழம லாரி சொல்லியாச்சு. நாசரேத்துக்கே போயிரணுமாம். போறதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா காட்டிக்குடுத்தவன்ங்குற பேரோட என்னால போவ முடியாது. இருந்தாலும் போனாலும் அந்தப் பேரு மட்டும் அவிய மேல இருக்கக் கூடாது."

"யாரைக் காட்டிக்குடுத்ததா சொல்றா?"

"சங்கு குளிக்கிறவங்கள."

அவள் சொன்னது இது. டிசம்பரில் மக்களவையில் கடலடி உயிரினப் பாதுகாப்பு மசோதா என்று ஒன்று அறிமுகமானது. கடலுக்குள் முங்கிச் சங்கெடுப்பதை அறவே நிறுத்துகிற ஒரு பிரிவும் அதில் இருந்தது. மசோதாவை நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு அனுப்பினார்கள். குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஜனவரி பத்தாம் தேதி கடைசி நாள். திரேஸ்புரத்துச் சங்கு குளிப்போர் சங்கத்துக்கு நேசக்குமார்தான் ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தார். இருபத்துமூன்று வள்ளத்துக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மார்ச்சில் மசோதா மக்களவையில் நிறைவேறியது. தடை அப்படியே இருந்தது. போன வாரம் சங்கத்தில் கூட்டம் போட்டு, நாம் அனுப்பிய மனுவில் என்னதான் இருந்தது என்று ஃபைலை எடுத்துப் படித்தால், தடையை மனமார வரவேற்கிறோம் என்று இருந்தது. அடியில் நேசக்குமாரின் கையெழுத்து.

"கையெழுத்து அவருடையதுதானா?"

"அவிய போட்டதுதான். ஆனா அந்த எழுத்து அவிய எழுதல. பதினாலாம் பிரிவ எடுக்கணும், பதினாலாம் பிரிவ எடுக்கணும்னுதான் எழுதுனேன்னு, சோத்துல கைய வச்சுக்கிட்டே சொல்லுதாவ. இப்ப டியூஷனுக்கு ஒரு பிள்ள வரல. நேத்து மீன் வாங்கப் போனேன். எனக்கு மட்டும் மீன் இல்லன்னுட்டா."

சக்ரபாணி எழுந்து அலமாரியிலிருந்து அச்சடித்த இரண்டு தாள்கட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் மசோதாக்களை அச்செடுத்துப் படிக்கும் பழக்கம் அவரை விடவில்லை. வெகுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கிருபாபாய் தேவபிரசாதத்தைப் பார்த்தாள். 'கொஞ்சம் பொறு' என்று அவர் கையால் காட்டினார். அவருக்கே பொறுமை இல்லை.

"ஓய், கிளம்பும்," என்றார் சக்ரபாணி கடைசியில். "அந்த ஃபைலைப் பார்க்கணும்."

*

சங்கத்து அறை திரேஸ்புரம் கடற்கரையை ஒட்டி இருந்தது. சன்னல் கம்பிகளைத் தொட்டால் கையில் துரு ஒட்டியது. செயலாளர் ஆன்டனிக்கு நாற்பது வயதிருக்கும், கடலில் முங்கிச் சங்கெடுக்கும் குளியாளிக்கே உரிய அகன்ற மார்பு. அவர் ஒன்றும் கேட்காமல் அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தார். பொருளாளர் ஜெஃப்ரி, சங்கு வாங்கி வெளியூருக்கு ஏற்றுமதி செய்கிறவர், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, நாசரேத்துக்காரர் உங்களயும் பிடிச்சுட்டாரா?" என்றார் ஜெஃப்ரி. "வாசிச்சுப் பாருங்க. கூட்டத்துல நான்தான் வாசிச்சேன். வாசிக்க வாசிக்க எனக்கே வேர்த்துட்டு."

மனு மூன்று தாள். முதல் இரண்டில் தட்டச்சு, ஜனவரி எட்டு என்று தேதி. மூன்றாவது தாளில் கையெழுத்துகள் மட்டும். காலையில் கடலுக்குப் போகிறவர்களைத் தேடி வள்ளம் வள்ளமாகக் கொண்டுபோன தாள். உப்புநீர் பட்டுச் சுருங்கியிருந்தது. எல்லாருக்கும் முன்னதாக நேசக்குமார் போட்ட கையெழுத்து அடியில் இருந்தது. இருபத்துமூன்றாவது வரியில் செந்தில்வேல் என்ற பெயர், அதற்கு நேரே சீனித்தாய் என்று எழுதி ஒரு கைநாட்டு.

சக்ரபாணி தாள்களைக் கோத்திருந்த ஸ்டேப்ளர் பின்னைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின் பளபளவென்று இருந்தது. மூன்றாவது தாளில் பின் குத்திய இடத்தில் பழுப்பாகத் துருக்கறை. முதல் இரண்டு தாள்களில் கறை இல்லை.

"ஓய், உங்க ஆபீஸ்ல பின் எத்தனை நாள் தாங்கும்?"

"கடக்கரை ஆபீஸ்னா ஒரு மாசம். அதுக்குள்ள துருப்பிடிச்சுரும். நாங்க நூல் போட்டுத்தான் கட்டுவோம்," என்றார் தேவபிரசாதம். சொன்ன பிறகுதான் தான் சொன்னதன் அர்த்தம் அவருக்கு உறைத்தது. வாயைத் திறந்தார், சக்ரபாணியின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார்.

"இந்த அலமாரிச் சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு, ஜெஃப்ரிகிட்ட ஒண்ணு," என்றார் ஆன்டனி.

"மனுவை எப்படி அனுப்பினேள்?"

"கூரியர்ல சார்," என்றார் ஆன்டனி. "நகல அனுப்பிட்டு அசல இங்க வச்சுக்கிட்டோம். சீட்டு எங்கயோ போயிட்டு."

"கவர்மென்ட் தபால் இருக்கும்போது கூரியர் எதுக்கு வே?" என்றார் தேவபிரசாதம், உண்மையாகவே புண்பட்டு.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளிச் சீனித்தாயின் வீடு. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். செந்தில்வேல், மறைவு ஜனவரி இரண்டு. முங்கிய இடத்தில் நெஞ்சு வலித்து, மேலே வந்ததும் போய்விட்டாராம். சக்ரபாணி அந்தத் தேதியைப் பார்த்தபடியே கேட்டார்.

"மனுவுல நீங்க ரேகை வெச்சது என்னைக்குன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"பதினாறு கழிஞ்ச மறுநாளு. எங்க வீட்டுல பதினாறு முடியாம எந்தக் காயிதத்துலயும் கைவைக்க மாட்டோம். ஆன்டனி கொழுந்தன்தான் கொண்டாந்தாரு. பாவம், வாசல்லயே ரொம்ப நேரம் நின்னாரு."

திரும்பி வரும் வழியில் தேவபிரசாதத்தால் அடக்க முடியவில்லை. "ஜெஃப்ரிதான் சார். அவனுக்குச் சாவி இருக்கு. கடையில பிரிண்டர் இருக்கு. கூட்டத்துல வாசிச்சதும் அவன். குளிக்கிறத நிறுத்தினா, கோடவுன்ல கெடக்குற சங்குக்கு விலை ஏறுமா ஏறாதா?"

"ஏறும்."

"பின்ன?"

வீட்டுக்கு வந்ததும் சக்ரபாணி கணினியைத் திறந்து, நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை எடுத்து, அதன் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். ஒரு நீண்ட பட்டியல். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். அடிவரை வந்தார். மறுபடியும் மேலிருந்து தொடங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தேவபிரசாதம் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். காப்பி வந்து ஆறிப்போனது. அந்த முகத்தில் வெற்றியின் அடையாளமே இல்லை என்பதைத் தேவபிரசாதம் கவனித்தார். ஒரு சாவுச் செய்தியை எடுத்துக்கொண்டு போகவேண்டிய தபால்காரனின் முகம் அது. அவருக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

*

மறுநாள் பிற்பகல், வள்ளங்கள் கரையேறிய பிறகு, சங்கத்து அறையில் எல்லாரும் கூடினார்கள். வள்ளத்துக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். சீனித்தாய்க்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நேசக்குமார் வரமாட்டேன் என்று சொல்லி, கிருபாபாய்க்காக வந்து, கதவருகில் நின்றார். மெலிந்த மனிதர். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை.

"ஒரு மசோதா எப்படிச் சட்டமாறதுன்னு முதல்ல சொல்லிடறேன்," என்றார் சக்ரபாணி. "டிசம்பர்ல ஒரு சபையில அறிமுகம். அப்புறம் குழு. குழு உங்களைப் போல இருக்கறவாகிட்ட கருத்து கேட்டு, அறிக்கை குடுக்கும். அப்புறம் சபையில ஒவ்வொரு பிரிவா எடுத்து ஓட்டு. திருத்தம் இருந்தா அதுக்கும் ஓட்டு. முழுசா நிறைவேறினா அடுத்த சபைக்குப் போகும். அங்கேயும் நிறைவேறினா ஜனாதிபதி கையெழுத்து."

"பனிமயமாதா கோயில் கோபுரத்துக்குக்கூட இத்தன படி கிடையாதே," என்றார் மூத்த வள்ளத்துக்காரரான அற்புதமணி. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"படி நிறைய இருக்கறதாலதான் எந்தப் படியில யார் நின்னான்னு கண்டுபிடிக்க முடியறது." சக்ரபாணி இரண்டு தாள்கட்டுகளையும் தூக்கிக் காட்டினார். "இது டிசம்பர் அச்சு. இது மார்ச் பன்னிரண்டு, மக்களவை நிறைவேத்தின பிறகு வந்த அச்சு. டிசம்பர்ல சங்கு குளிக்கறதைத் தடுக்கற பிரிவுக்கு எண் பதினாலு. குழுவோட யோசனைப்படி ஆறாம் பிரிவுக்குப் பின்னாடி ஒரு புதுப் பிரிவு சேர்த்தா. அதனால பின்னாடி இருந்த எண்ணெல்லாம் ஒவ்வொண்ணா நகர்ந்தது. அப்படி நகர்த்தறதுதான் முப்பத்தொரு வருஷம் என் வேலை. மார்ச் அச்சுல அதே பிரிவு பதினைஞ்சு." அவர் ஃபைலைத் திறந்தார். "ஜனவரி எட்டுன்னு தேதி போட்ட இந்த மனு, பதினைஞ்சாம் பிரிவை வரவேற்கறதுன்னு சொல்றது. ஜனவரியில பதினைஞ்சாம் பிரிவு, படகுல ஏறிச் சோதனை போடற அதிகாரியைப் பத்தினது. அப்போ இதை எழுதினவர் மார்ச் அச்சைப் பார்த்து எழுதியிருக்கார்."

அற்புதமணி மேசைக்கு வந்து ஃபைலைக் குனிந்து பார்த்தார்.

"முதல் ரெண்டு தாளும் புதுசு," என்று தேவபிரசாதம் முந்திக்கொண்டார். "கையெழுத்துத் தாள்ல பழைய பின்னோட துரு இருக்கு. இதுகள்ல இல்ல. உள்ளத எடுத்துட்டு வேற வச்சிருக்காங்க."

எல்லாருடைய கண்களும் ஜெஃப்ரியின் பக்கம் போயின. சாவி இரண்டு பேரிடம்தான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஏலே, என்னய ஏம்ல பாக்கிய?" என்றார் ஜெஃப்ரி. "எனக்கு என்ன தேவ?"

"அதைத்தான் நானும் கேட்டுண்டேன்," என்றார் சக்ரபாணி. "குழுவோட அறிக்கையில, மனு அனுப்பினவா பேரெல்லாம் பின்னிணைப்புல போட்டிருக்கா. நாற்பத்தாறு பேர். அதுல உங்க சங்கத்தோட பேர் இல்லை."

"இல்லன்னா?" என்றார் அற்புதமணி.

"உங்க மனு டெல்லிக்குப் போய்ச் சேரலை. நல்ல மனுவும் போகலை, இந்த மனுவும் போகலை. ஜெஃப்ரிக்கு இந்தச் சட்டம் வேணும்னே வெச்சுப்போம். அவர் ஒண்ணுமே செய்ய வேண்டாமே. இந்தக் காகிதம் டெல்லியில யாரையும் ஏமாத்தலை. இந்த அறையில வாசிக்கறதுக்காக மட்டும் செஞ்சது. மனு டெல்லிக்குப் போச்சு, ஆனா உள்ளே எழுதினவர் துரோகம் பண்ணிட்டார்னு நீங்க நம்பணும். மனு போய்ச் சேர்ந்துதுன்னு நீங்க நம்பறது யாருக்குத் தேவை?"

சக்ரபாணி குரலைத் தாழ்த்தினார்.

"செந்தில்வேல் தவறினது ஜனவரி ரெண்டு. பதினாறு முடிஞ்ச மறுநாள் பதினெட்டு. சீனித்தாய் அம்மா ரேகை வெச்சது அன்னைக்கு. கடைசி நாளோ பத்து. மனுவை அனுப்பற பொறுப்பு இருந்தவருக்கு மட்டும்தான், அது போகலைங்கறது தெரியும்."

ஆன்டனி அலமாரியில் சாய்ந்து நின்றிருந்தார். அதை விட்டு விலகி முன்னால் வந்தார்.

"இருபத்திரெண்டு வள்ளம் போட்டாச்சு. இந்த ஒண்ணுதான் பாக்கி."

"அத விட்டுட்டு அனுப்ப வேண்டியதுதானல?" என்று யாரோ கேட்டார்கள்.

"எப்படி அனுப்ப? துறைமுகக்காரனுக்கு மனு குடுக்கயில ஒரு வள்ளத்த விட்டுட்டுக் குடுத்தோம். என்னயக் கேக்கலன்னு அவன் பிரிஞ்சு, நாலு வருஷம் ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்காம கெடந்தோம். மறந்துபோச்சா? அன்னையிலேருந்து எல்லா வள்ளமும் போட்டாத்தான் காயிதம் வெளிய போவணும்னு நீங்கதான சொன்னிய." அவர் சீனித்தாயைப் பார்த்தார். "ஒம்பதாம் தேதியும் மதினி வீட்டுக்குப் போனேன். வாசல் வரைக்கும் போனேன். கேக்க நாவு எழும்பல."

சீனித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கேட்டிருக்கலாமே கொழுந்தனே. இத்தன பேரு பொழப்புன்னா வச்சிருப்பேனே."

"பதினெட்டுக்குப் பெறவு அனுப்பி என்ன செய்ய? வீட்டுலயே வச்சிருந்தேன். அதுபாட்டுக்குப் போயிரும்னு நெனச்சேன். சட்டம் பாஸாயிட்டுன்னு டிவியில வந்துச்சு. கூட்டம் போடுங்க, ஃபைல எடுங்கன்னாவ. நல்ல மனு அதுல இருந்தா, அத ஏன் கேக்கலன்னு டெல்லிக்கு எழுதுவிய, போகவே இல்லங்குறது தெரிஞ்சிரும். அந்த மனுவுல நேசக்குமார் சாரு எழுதிக் குடுத்திருந்த ரெண்டு தாளயும் கடல்ல விட்டுட்டேன். வெளிய ஒருத்தர்ட்டக் குடுத்துப் புதுசா அடிச்சேன். எம் பிள்ளைக்கு இங்கிலீசு சொல்லிக்குடுத்த மனுஷன்…"

"அவியள ஏன்?" என்று கிருபாபாய் கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு வாரமா நாங்க எப்படி இருந்தோம்னு தெரியுமா? அவிய மேல ஏன் போட்டிய?"

"சாரு நாசரேத்து ஆளு. பேச்சு வந்தா ஊருக்குப் போயிருவாவன்னு நெனச்சேன்." ஆன்டனி தரையைப் பார்த்தார். "நான் எங்க போவேன்?"

தேவபிரசாதம் நேசக்குமாரைப் பார்த்தார். அந்த மெலிந்த முகத்தில் எதுவும் அசையவில்லை.

"நான் இங்க வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு ஆன்டனி," என்றார் நேசக்குமார்.

சுவரோரத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவரைப் பற்றிப் போன வாரம் சொன்னது, கேட்டது, நம்பியது எல்லாம் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு ஓர் இளைஞன் ஆன்டனியை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு போனான். அற்புதமணி குறுக்கே விழுந்து தடுத்தார். "போதும்ல. ஒரு ஆள அடிச்சது போதும்."

இரைச்சல் அடங்கியதும் சக்ரபாணி சொன்னார்: "மசோதா இன்னும் சட்டமாகலை. செவ்வாய்க்கிழமை மாநிலங்களவையில எடுக்கறா. நிலுவையில இருக்கற மசோதாமேல அந்தச் சபைக்கு மனு குடுக்கலாம். உறுப்பினர் ஒருத்தர் மேலொப்பம் போடணும். தெரிஞ்சவாகிட்ட நான் கேட்டுப் பார்க்கறேன். அங்கே ஒரு திருத்தம் ஏத்துண்டாலும் மசோதா திரும்ப மக்களவைக்கு வந்தாகணும்."

"ஏத்துக்குவாவளா?" என்றார் அற்புதமணி.

"தெரியாது."

"இங்கிலீசுல யாரு எழுதுவா?"

அந்தக் கேள்வியைக் கேட்டவன் கேட்டு முடிக்கும் முன்பே வெட்கப்பட்டுவிட்டான். நேசக்குமார் கதவை விட்டு நகர்ந்து மேசைக்கு வந்தார். யாரோ அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவர் அதைப் பார்க்காமல், நின்றபடியே குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"இப்ப பதினஞ்சா சார்?" என்று இடையில் ஒருமுறை கேட்டார்.

"பதினைஞ்சு," என்றார் சக்ரபாணி.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார். பிறகு தாளை மேசையில் வைத்தார். முதலில் சீனித்தாய் வந்து ரேகை வைத்தாள். அடுத்தடுத்து மற்றவர்கள். ஆன்டனி தயங்கி நின்றபோது, "உனக்கும் வள்ளம் இருக்குல்லா, போடு," என்றார் அற்புதமணி. கடைசியில் அவரே பேனாவை நேசக்குமாரிடம் நீட்டினார்.

"நீங்களும் சார்."

நேசக்குமார் பேனாவை வாங்கினார். அதன் மூடியைப் பூட்டி, தாளின்மேல் திரும்ப வைத்தார்.

"நான் இந்த ஊர்க்காரன் இல்லியே," என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு விலாசத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, கிருபாபாயைப் பார்த்துத் தலையசைத்து, வெளியே இறங்கினார்.

அந்த உறையைத் தலைமைத் தபால் நிலையத்தில் தேவபிரசாதமே நின்று ஸ்பீடு போஸ்டில் அனுப்பினார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வழி நெடுக, "பேரு தெளிஞ்சுட்டு, இனி இருப்பாவ, என்ன சொல்லுதிய?" என்று நாலைந்து முறை கேட்டும் சக்ரபாணி தெருவைப் பார்த்தே நடந்தார்.

சனிக்கிழமை காலை தேவபிரசாதம் தனியாக அந்தத் தெருவுக்குப் போனார். லாரி நின்றிருந்தது. டியூஷன் பெஞ்சுகள் ஏற்கெனவே ஏறிவிட்டன. கிருபாபாய் பாத்திர மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உங்களுக்கும் ஐயாவுக்கும் ரொம்பக் கடம பட்டிருக்கோம் அண்ணன். இனி எங்க போனாலும் தலைய நிமித்தித்தான் போவோம்."

அப்போது உள்ளிருந்து இரும்பு பீரோவின் ஒரு முனை வெளியே வந்தது. அதைத் தாங்கிப் பிடித்துப் பின்னோக்கி நடந்து வந்தவர் ஆன்டனி. எப்போது வந்தார், யார் அழைத்தார்கள் என்று தேவபிரசாதத்துக்குத் தெரியவில்லை. அழைத்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. மறுமுனையைப் பிடித்திருந்தவர் நேசக்குமார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வாசல்வரை வந்தார்கள். ஆன்டனியின் முதுகு லாரியின் திறந்திருந்த பக்கக் கதவுக்கு அருகில் வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்து," என்றார் நேசக்குமார். "பின்னால இடிச்சிரும்."

ஆன்டனி நின்றார். பிறகு, ஓரடி விலகி, பீரோவை ஏற்றினார்.